பழைய கட்டுகளிலிருந்து புதிய கட்சிக்காரர்: தொழில் வளர்க்க விரும்பும் வழக்கறிஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இளம் வழக்கறிஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி சட்டத்தைப் பற்றியது அல்ல. "புதிய கட்சிக்காரர்கள் எப்படி வருவார்கள்?" என்பதுதான். கேட்கும்போது அவர்கள் மனதில் இணையதளமும் காணொளியும் முகநூல் பக்கமும் இருக்கின்றன. நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: "இப்போது உங்களிடம் இருக்கும் கட்சிக்காரர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வழக்கு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும்?" பெரும்பாலானோர் இதற்கு உடனே பதில் சொல்வதில்லை.

நம் தொழிலில் புதிய வேலை பழைய வேலையின் வழியாகவே வருகிறது. சொத்துத் தகராறோ விவாகரத்தோ வந்துவிட்டால், தெரிந்தவர்களில் இதைக் கடந்து வந்தவர் யார் என்றுதான் எவரும் முதலில் யோசிப்பார்கள். அந்தத் தெரிந்தவர் உங்களைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தே உங்கள் அலுவலகக் கதவு தட்டப்படும். ஆகவே கீழே உள்ள படிகளில் பெரும்பகுதி, ஏற்கெனவே உங்களை நம்பி வந்தவர்களைப் பற்றியது.

முதல் படி: உங்களுக்குரிய விதியைப் படியுங்கள்

தொழில் வளர்ப்பது பற்றிய அறிவுரைகள் நாடு விட்டு நாடு செல்லுபடியாவதில்லை. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு 'பேட்ஸ்' வழக்கில், வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை முற்றிலும் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே 'ஓராலிக்' வழக்கில், விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்த இளம்பெண்ணிடம் நேரில் போய் வழக்கைக் கேட்ட வழக்கறிஞர் மீதான ஒழுங்கு நடவடிக்கை சரியே என்றது. விளம்பரம் ஒன்று, ஆளைத் தேடிப் போய் நெருக்குவது வேறொன்று என்ற வேறுபாடு அங்கே அப்படித்தான் நிலைபெற்றது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய 1984இல் அனுமதி கிடைத்தது. 2018 டிசம்பர் முதல், வீடு வாங்குதல் விற்றல் போன்ற சில பணிகளுக்குக் கட்டண விவரத்தை வெளியிடுவது அவர்களுக்குக் கட்டாயம். மலேசியாவில் 2001ஆம் ஆண்டின் விளம்பர விதிகள் தனியாக இருக்கின்றன.

இந்தியாவில் நிலைமை வேறு. வழக்கறிஞர்களை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி, நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்பதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. சுற்றறிக்கை, தரகர், தனிப்பட்ட தொடர்பு, தான் நடத்திய வழக்கை ஒட்டிப் பத்திரிகையில் படம் வெளியிடுவது எல்லாம் அதில் அடங்கும். பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இணையதளத்துக்கு ஒரு சிறு வாசலைத் திறந்தது: பெயர், தொடர்பு விவரம், பதிவு எண், கல்வித் தகுதி, எந்தத் துறையில் பணி என்பன போன்ற விவரங்கள் மட்டும். இணையத் தளங்களின் வழியே வேலை தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

எனவே வேறு நாட்டுக்காரர் சொல்லும் உத்தியைக் கையில் எடுக்குமுன், உங்கள் சங்கத்தின் விதிப் புத்தகத்தை ஒரு மாலை உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். எதை வெளியிடலாம், யாரை நானாகத் தொடர்புகொள்ளலாம், யாரோடு கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற மூன்று கேள்விகளுக்கும் விதி எண்ணோடு பதில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், இனி நான் சொல்லப்போகும் முக்கியமான வேலைகள் எதற்கும் விளம்பரம் தேவையில்லை.

இரண்டாம் படி: ஒரு நாள் ஒதுக்கிப் பழைய கட்டுகளைப் பிரியுங்கள்

விடுமுறை நாள் ஒன்றில் கடந்த மூன்று ஆண்டு வழக்குக் கட்டுகளை எடுத்து வையுங்கள். ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வரி. என்ன வகை வழக்கு, யார் சொல்லி வந்தார், பேசிய கட்டணம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, ஏறத்தாழ எத்தனை மணி நேரம் போனது, எப்படி முடிந்தது. கடைசியாக ஒரு கட்டம்: இதே போன்ற வழக்கு நாளை வந்தால் எடுப்பேனா?

"யார் சொல்லி வந்தார்" என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் பலருக்குக் கண் திறக்கிறது. நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, என் வழக்குகளில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரிடமிருந்து வந்திருந்தது. அவர்களில் ஒருவரை இரண்டு ஆண்டுகளாக நான் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. இன்னொருவர் நான் தோற்றுப்போன வழக்கின் கட்சிக்காரர். தோற்ற வழக்கிலிருந்து நான்கு வழக்குகள் வந்திருந்தன. ஏன் என்று அவரிடமே கேட்டேன். "என்ன நடக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது" என்றார். இந்த வழிகாட்டியை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

பேசிய கட்டணத்துக்கும் வந்த கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். சில வகை வழக்குகளில் அது எப்போதும் பெரிதாக இருக்கும். அந்த வகையில் இன்னும் பத்துப் பேர் வந்தாலும் வேலைதான் கூடும்.

தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கட்சிக்காரர், எதிர்த்தரப்பு இருவரின் பெயர்களையும் அகர வரிசையில் எழுதி வைத்தால் அதுவே உங்கள் முரண் பட்டியல்: புதிதாக வருபவரின் வழக்கு, உங்கள் கட்சிக்காரர் ஒருவருக்கே எதிரானதா என்று அதில் பார்க்கலாம். நான்காம் படியில் அது தேவைப்படும்.

மூன்றாம் படி: உங்களை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?

அட்டையில் சிவில், கிரிமினல், குடும்பம், வரி, நிறுவனம் என்று எல்லாவற்றையும் அச்சடித்தால் எதுவும் நினைவில் நிற்காது. உங்களைப் பிறரிடம் சொல்பவருக்கு ஒரு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியம் சட்டத்தின் பெயரில் இல்லாமல் மக்களின் சிக்கலின் பெயரில் இருக்கட்டும். "உயில் இல்லாமல் அப்பா இறந்த குடும்பங்களின் பாகப்பிரிவினையை அவர் நன்றாகப் பார்ப்பார்" என்பது ஒருவர் வாயில் எளிதாக வரும். "வாரிசுரிமைச் சட்ட நிபுணர்" என்பது வராது. தவிர, நிபுணர் என்ற சொல்லைப் பயன்படுத்தப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு.

துறையைச் சுருக்கினால் மற்ற வழக்குகள் போய்விடுமோ என்ற பயம் இயல்பானது. சுருக்க வேண்டியது நீங்கள் சொல்லிக்கொள்வதை மட்டும்தான். தானாக வரும் மற்ற வேலையைத் தகுதி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: முதல் தொலைபேசியும் முதல் சந்திப்பும்

வருகிறவர் பெரும்பாலும் பல நாள் தூக்கம் கெட்டு வருகிறார். வாழ்க்கையில் அவர் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது இதுவே முதல் முறையாக இருக்கலாம். உங்களுக்கு இது இருநூறாவது சொத்து வழக்கு, அவருக்கு இருப்பது அந்த ஒரு வீடு. இதை மறக்காத அலுவலகத்துக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும்.

தொலைபேசியை எடுப்பவர் குமாஸ்தாவோ ஜூனியரோ, அவரிடம் நான்கு கேள்விகள் எழுதிக் கொடுங்கள். அழைப்பவர் பெயர், எதிர்த்தரப்பு யார், நீதிமன்றத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ தாள் ஏதும் வந்திருக்கிறதா, அதில் தேதி ஏதும் இருக்கிறதா. கதையைக் கேட்க வேண்டாம். எதிர்த்தரப்பின் பெயரை முரண் பட்டியலில் பார்த்த பிறகே கதை. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், உங்களை அமர்த்தாமல் போனவர் சொன்ன ரகசியத்தையும் நீங்கள் காக்க வேண்டியிருக்கும். அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி விதிகளில் 1.18ஆம் விதி இதற்கென்றே இருக்கிறது. தவறான ஒருவரின் கதையைக் கேட்டுவிட்டால், ஏற்கெனவே கையில் இருக்கும் வழக்கையும் விட வேண்டி வரலாம்.

நீங்கள் நீதிமன்றத்தில் இருந்தால், திரும்ப அழைக்கும் நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். "மாலை ஆறு மணிக்குப் பேசுவார்" என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்குப் பேசுவது எளிய காரியம். ஆனாலும் பலர் செய்வதில்லை. சொன்ன நேரத்துக்கு அழைப்பு வந்தாலே, இவர் சொன்னதைச் செய்கிறவர் என்று வந்தவர் பாதி முடிவு செய்துவிடுவார்.

நேரில் வந்ததும் முதல் பத்து நிமிடம் குறுக்கிடாமல் பேச விடுங்கள். சட்டத்துக்கு வேண்டாத விவரம் நிறைய வரும், வரட்டும். பிறகு ஆவணங்கள். அதன் பிறகு நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "இது எப்படி முடிந்தால் உங்களுக்கு நிம்மதி?" அண்ணன் மீது வழக்குப் போட வந்தவருக்கு உண்மையில் வேண்டியது அம்மாவின் நகை மட்டும் என்று இந்தக் கேள்வியில்தான் தெரியவரும். வழக்கே தேவைப்படாமல் ஒரு நோட்டீசில் முடியும் காரியங்களும் உண்டு. அப்படி முடித்துக் கொடுத்தால் அவர் உங்களை மறக்கமாட்டார்.

சந்திப்பு முடியுமுன் இவற்றைச் சொல்லிவிடுங்கள்: அவர் முன் உள்ள வழிகள் என்ன, ஒவ்வொன்றிலும் எத்தனை கட்டங்கள், அவர் தரப்பில் பலவீனம் எது. வெற்றியை உறுதி சொல்லாதீர்கள். "நிச்சயம் ஜெயித்துவிடலாம்" என்று சொல்லும் வழக்கறிஞரிடம் அன்று கூட்டம் இருக்கும், ஆனால் தீர்ப்பு வரும் நாளில் அந்தச் சொல் அவரைத் தேடி வரும். பலவீனத்தை முதல் நாளே கேட்டவருக்கு, எதிர்த்தரப்பு அதைப் பேசும்போது அதிர்ச்சி இருக்காது.

வழக்கை எடுக்கப் போவதில்லை என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள், வழக்குப் போடுவதற்கான காலவரையறை ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து. நீங்கள் பார்த்துக்கொள்வதாக நினைத்து ஒருவர் கெடுவைத் தவறவிட்டால் இருவருக்கும் கேடு.

ஐந்தாம் படி: கட்டணத்தை எழுதிக் கொடுங்கள்

கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையே கசப்பு வருவது கட்டணம் அதிகம் என்பதால் மட்டும் அல்ல. எதற்கு எவ்வளவு என்று முதலில் தெரியாமல் போவதால்தான் பெரும்பாலும் வருகிறது. ஒரே பக்கம் போதும். எந்த நீதிமன்றம் வரை இந்தக் கட்டணம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு, எது இதில் அடங்காது. மேல்முறையீடும், தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவும் தனி என்பதை எழுதாமல் விட்டவர்கள் பின்னால் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு வந்தவுடன் சொத்து கைக்கு வந்துவிடும் என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள்.

நீதிமன்றக் கட்டணம், நகல் செலவு, பயணம் ஆகியவற்றை உங்கள் கட்டணத்திலிருந்து பிரித்துக் காட்டுங்கள். வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கொடுங்கள். கட்சிக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது இங்கிலாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் தனிக் கணக்கு வைத்தால் கேள்வி வரும் நாளில் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். வெற்றி பெற்றால் பங்கு என்ற ஏற்பாட்டை அமெரிக்காவில் பல சிவில் வழக்குகளில் எழுத்து ஒப்பந்தத்தோடு செய்யலாம், கிரிமினல் வழக்கில் கூடாது. இந்தியாவில் பார் கவுன்சிலின் 20ஆம் விதி அதை அடியோடு தடுக்கிறது.

பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கட்டணப் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை நிறுத்தி வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் சொல்லிவிட்டது. கட்டணத்தைக் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கட்டத்துக்கு முன்பே வாங்கினால் அந்த நெருக்கடியே வராது.

ஆறாம் படி: வாய்தா அன்றே செய்தி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வழக்கு அழைக்கப்பட்ட அன்று மாலைக்குள் கட்சிக்காரருக்கு ஒரு செய்தி போக வேண்டும். இன்று என்ன நடந்தது, ஏன் அப்படி, அடுத்த தேதி எது, அதற்குள் நான் என்ன செய்வேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, இன்று நம் வழக்கு அழைக்கப்பட்டது. எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய அவகாசம் கேட்டது, நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. இது வழக்கமாக நடப்பது, நமக்குப் பாதிப்பில்லை. அடுத்த தேதி 14. அன்று நீங்கள் வர வேண்டியதில்லை. அதற்குள் 2011ஆம் ஆண்டு வரி ரசீதைத் தேடி வையுங்கள்."

எழுத இரண்டு நிமிடம். "இது வழக்கமாக நடப்பது" என்ற சொற்றொடருக்காகவே அவர் காத்திருக்கிறார். அது இல்லையென்றால், தள்ளிவைப்பு என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டு, வழக்கறிஞர் எதிராளியிடம் விலை போய்விட்டாரோ என்றுகூட ஒரு மனம் இரவில் கணக்குப் போடும். அவருக்குச் சட்டம் தெரியாது, கண்முன் தெரிவது உங்கள் மௌனம் மட்டுமே.

செய்தியை ஜூனியர் எழுதலாம், அனுப்புமுன் நீங்கள் படியுங்கள். குடும்ப வழக்குகளில் எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். கணவன் கையிலோ பிள்ளைகள் கையிலோ இருக்கும் கைபேசிக்குப் போகும் ஒரு வரி பெரிய ஆபத்தாகலாம். வாய்தாவே இல்லாமல் கிடக்கும் வழக்குகளுக்கு மாதத்தில் ஒரு நாள் குறித்து, "இன்னும் பட்டியலுக்கு வரவில்லை, கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதும் செய்திதான்.

கெட்ட செய்தியை நீங்களே பேசிச் சொல்லுங்கள். மனு தள்ளுபடி ஆனதை இணையத்தில் அவரே பார்த்துத் தெரிந்துகொண்டால் அதன் பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

ஏழாம் படி: கட்டு மூடும் நாள்

வழக்கு முடிந்ததும் பலர் கட்சிக்காரரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி அவரை வரச் சொல்லுங்கள். மூல ஆவணங்களை எண்ணிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல், அதோடு ஒரு பக்கக் கடிதம்: நீதிமன்றம் என்ன சொன்னது, மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது, பெயர் மாற்றமோ பதிவோ வேறெங்கே செய்ய வேண்டும், எதை எத்தனை ஆண்டு பத்திரமாக வைக்க வேண்டும். இந்தக் கடிதம் பீரோவில் பல ஆண்டுகள் இருக்கும். உறவினர் வீட்டில் ஒரு தகராறு வரும்போது அது வெளியே எடுக்கப்படும், உங்கள் பெயரும் எண்ணும் அதன் தலைப்பில்தான் இருக்கின்றன.

மூன்று மாதம் கழித்து, அந்தப் பெயர் மாற்றம் நடந்ததா என்று ஒரு முறை விசாரியுங்கள். அதற்கு மேல் வேண்டாம், வேறு வேலை இருக்கிறதா என்று கேட்கவும் வேண்டாம்.

எட்டாம் படி: அனுப்புகிறவர்கள்

உங்களுக்கு அதிகம் வேலை அனுப்பக்கூடியவர்கள் மற்ற வழக்கறிஞர்கள். வேறு ஊரில் இருப்பவர், வேறு துறையில் இருப்பவர், முரண் காரணமாக வழக்கை எடுக்க முடியாதவர். எதிர்த்தரப்பில் உங்களோடு மோதியவர்கூட அனுப்புவார், நீங்கள் நாகரிகமாக நடந்துகொண்டிருந்தால். கணக்குத் தணிக்கையாளர், கட்டடப் பொறியாளர், நிதி ஆலோசகர் ஆகியோரிடம் சட்டச் சிக்கல் வேறு வடிவில் முதலில் போய்ச் சேருகிறது. அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் தயங்காமல் அழைக்கக்கூடியவராக இருங்கள்.

ஒருவர் அனுப்பிய ஆள் வந்துவிட்டால், "வந்தார், நன்றி" என்று அன்றே சொல்லுங்கள். வழக்கின் விவரத்தைச் சொல்லக்கூடாது, அது ரகசியம். அனுப்பிய வழக்கறிஞரின் துறையில் வேலை வந்தால் கட்சிக்காரரை அவரிடமே திருப்பி அனுப்புங்கள். இந்த ஒன்றில் நேர்மை தவறியவருக்கு அடுத்த ஆள் வருவதில்லை.

பணம் கொடுத்து ஆள் பிடிப்பதை மட்டும் தொடாதீர்கள். வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பகிர்வதை அமெரிக்க மாதிரி விதி 5.4 தடுக்கிறது. இந்தியாவில் தரகர்களின் பட்டியலை வெளியிடும் அதிகாரத்தை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் வழக்கறிஞர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. விதியை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், தரகர் கொண்டுவரும் கட்சிக்காரர் தரகருடையவர், உங்களுடையவர் அல்ல.

ஒன்பதாம் படி: எழுத்து, பேச்சு, இணையதளம்

கட்சிக்காரர்கள் உங்களிடம் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொற்களிலேயே ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். "கடன் வாங்கியவர் இறந்துவிட்டார், யாரிடம் கேட்பது?" போன்றவை. மாதம் ஒன்றை எடுத்து, பத்தாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் விளக்குங்கள். பொதுவான விளக்கம் மட்டுமே, நடந்துகொண்டிருக்கும் வழக்கு வேண்டாம். உங்கள் விதி அனுமதிக்கும் இடத்தில் அதை வெளியிடுங்கள், இல்லையென்றால் முதல் சந்திப்புக்கு வருகிறவர்களிடம் அச்சடித்துக் கொடுங்கள். குடியிருப்போர் சங்கத்திலோ தொழிற்சங்கத்திலோ அழைத்தால் அதையே பேசலாம்.

ஒவ்வொரு பக்கத்திலும் எழுதிய தேதியைப் போடுங்கள். 2024 ஜூலை 1 அன்று இந்தியாவில் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, பழைய பிரிவு எண்களோடு எழுதப்பட்டிருந்த எண்ணற்ற விளக்கங்கள் ஒரே நாளில் பழசாயின. அவற்றை நம்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இணையதளத்துக்கு நான் தரும் இடம் இவ்வளவுதான்: பெயர் கேட்டுத் தேடுபவருக்கு முகவரியும் தொடர்பு எண்ணும் பணித் துறையும் சரியாகக் கிடைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு நேரத்தை ஆறாம் படிக்குக் கொடுங்கள்.

பத்தாம் படி: மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒரே வழக்கில் மூன்று வழக்கறிஞரை மாற்றிவிட்டு நான்காவதாக உங்களிடம் வந்து, முந்தைய மூவரையும் திட்டுபவர். உண்மையை மறைக்கச் சொல்பவர். பழிவாங்கத் துடிப்பவர். தொடக்கக் காலத்தில் வாடகைக்கு வேண்டும் என்று இவர்களை எடுத்துக்கொள்ளத் தோன்றும். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் இவர்களுக்குப் போகும் நேரமும் மனநிம்மதியும் நல்ல கட்சிக்காரர்களிடமிருந்து எடுத்ததுதான். கையில் உள்ள வழக்குகளுக்கு அன்றன்று செய்தி அனுப்ப முடியாமல் போகிறது என்றால், அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு வேறு நல்லவரிடம் அனுப்புங்கள்.

பதினோராம் படி: வாரத்துக்கு இரண்டு மணி நேரம்

இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் விதியைப் படிப்பதும் பழைய கட்டுகளும். இரண்டாம் வாரம் தொலைபேசிக் கேள்விகளும் கட்டணக் கடிதத்தின் மாதிரியும். மூன்றாம் வாரம் முதல் வாய்தாச் செய்தி. நான்காம் வாரம் அண்மையில் முடிந்த ஐந்து கட்டுகளுக்கு மூடும் கடிதம்.

பிறகு வாரத்தில் ஒரு நாள், நீதிமன்ற வேலை குறைந்த பிற்பகலில் இரண்டு மணி நேரம் இதற்கென்றே. ஒரு நோட்டில் அந்த வாரம் அழைத்தவர்கள், யார் சொல்லி அழைத்தார்கள், எத்தனை பேர் நேரில் வந்தார்கள், எத்தனை பேர் வக்காலத்தில் கையெழுத்திட்டார்கள் என்று எழுதுங்கள். அழைத்தவர் நிறைய, வந்தவர் குறைவு என்றால் தொலைபேசியைக் கவனியுங்கள். வந்தவர் நிறைய, கையெழுத்திட்டவர் குறைவு என்றால் முதல் சந்திப்பையோ கட்டணத்தைச் சொல்லும் விதத்தையோ பாருங்கள்.

ஆண்டு முடிவில் அந்த நோட்டைப் பெரிய தாளுக்குப் பக்கத்தில் வைத்து, "யார் சொல்லி வந்தார்" என்ற கட்டத்தை மட்டும் ஒப்பிடுங்கள். சென்ற ஆண்டு அதில் இல்லாத பழைய கட்சிக்காரர்களின் பெயர்கள் எத்தனை புதிதாக வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். நான் என் அலுவலகத்தில் இன்றும் எண்ணிப் பார்ப்பது அந்த ஒரு எண்ணைத்தான்.